பாதி, மூன்றில் ஒன்று, பன்னிரண்டு கிலோ

சங்குவிளை உப்பளச் சாலையில், எடைமேடைக்குப் பக்கத்துக் கூண்டில் உட்கார்ந்து லாரிகளுக்குச் சீட்டுப் போட்டுக்கொடுக்கும் தங்கபுஷ்பத்தின் புருஷன் தவசிக்கனி, ஒரு புதன்கிழமை காலை பத்து மணிக்கு, எந்தச் சத்தமும் இல்லாமல் மூன்றாகப் பிரிந்துபோனான். வெட்டில்லை, குத்தில்லை, ஒரு சொட்டு ரத்தமில்லை. பத்து அடிக்கும்வரை ஒருவனாக இருந்தவன் பத்து அடித்த பிறகு மூன்று இடங்களில் இருந்தான், அவ்வளவுதான். ஊரில் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, ஏனென்றால் இது இத்தனை வருடம் எப்படி நடக்காமல் இருந்தது என்பதுதான் அவர்களுக்கு ஆச்சரியமாக இருந்தது.

தவசிக்கனி உப்பளங்களில் தண்ணீர் இறைக்கும் மோட்டார்களைப் பழுதுபார்ப்பவன். யார் எதைக் கேட்டாலும் 'சரி' என்று சொல்வான். கேட்டவர் சொல்லி முடிப்பதற்கு முன்பே சொல்வான், சில சமயம் கேட்காதவர்களுக்கும் சொல்வான். அந்தப் புதன்கிழமை பத்து மணிக்கு வீட்டு மோட்டாரைக் கழற்றிப் பார்க்க வேண்டும் என்று தங்கபுஷ்பம் சொல்லியிருந்தாள், சரி என்றிருந்தான். அதே பத்து மணிக்குத் தன் மகளுக்குக் காதுகுத்து, தாய்மாமன் மடி வேண்டும் என்று அவன் அக்கா பேச்சித்தாய் சொல்லியிருந்தாள், அதற்கும் சரி என்றிருந்தான். அதே பத்து மணிக்குப் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பீட்டர் நடத்தும் கேரம் கொட்டகையில் இறுதிப் போட்டி என்பது இரண்டு பெண்களுக்கும் தெரியாது. ஆக மூன்று இடத்துக்கும் அவன் சொன்ன சொல் தவறாமல் போனான், போதுமான அளவு போகவில்லை என்பது மட்டும்தான் குறை.

வீட்டுக்கு வந்தவன் தலையிலிருந்து கால்வரை முழுசாகத்தான் இருந்தான். ஆனால் பலமுறை துவைத்த சட்டைபோல வெளுத்திருந்தான், சுவரில் தொங்கிய காலண்டரில் அன்றைய ராகுகாலம் என்ன என்பதை அவன் நெஞ்சின் வழியாகவே படிக்க முடிந்தது. மோட்டாரைக் கழற்றினான், மாட்டவில்லை. "புஷ்பம், அந்த ஸ்பேனரை எடுத்து" என்பான், வாக்கியம் அங்கேயே நின்றுவிடும். பேச்சித்தாய் வீட்டில் நிலைமை இன்னும் மோசம். அங்கே போனவன் இன்னும் மெலிசாக இருந்தான். காதுகுத்தும்போது குழந்தை தாய்மாமன் மடியிலிருந்து மூன்று தடவை நழுவிக் கீழே விழுந்தது, கடைசியில் ஒரு தலையணையைத் தாய்மாமனாகப் பாவித்துக் காரியத்தை முடித்தார்கள். அவனிடம் மூன்று கேள்வி கேட்டால் ஒன்றுக்குத்தான் பதில் வந்தது, அந்தப் பதிலும் "சரிக்கா" என்பதுதான்.

யாரிடம் எவ்வளவு இருக்கிறது என்பதைக் கண்டுபிடித்தவர் கிராம நிர்வாக அலுவலர் குணசீலன். ஒரு மனிதன் இரண்டு வீட்டில் வசித்தால் எந்த வீட்டில் வசிப்பதாகப் பதிவது என்ற கவலையில் அவர் இருவரையும் அலுவலகத்துக்கு வரவழைத்து, ஆளுக்கு ஒரு தாளைக் கொடுத்துக் கையெழுத்துப் போடச் சொன்னார். வீட்டு ஆள் 'தவசி' என்று எழுதிவிட்டுப் பேனாவை வைத்துவிட்டான். அக்கா வீட்டு ஆள் 'க்க' என்று எழுதினான். குணசீலன் விரல்விட்டு எண்ணினார். ஆறெழுத்துப் பெயரில் மூன்றெழுத்து ஒருத்தியிடம், இரண்டெழுத்து இன்னொருத்தியிடம், ஆகவே பாதி இங்கே, மூன்றில் ஒன்று அங்கே, 'னி' எங்கே என்று தெரியவில்லை என்று குறிப்பு எழுதிக் கோப்பைக் கட்டி வைத்தார்.

ஊர் அதன்பிறகு தன் வேலையைப் பார்த்தது. பஸ் கண்டக்டர் வீட்டு ஆளுக்கு அரை டிக்கெட் கிழித்தார், அக்கா வீட்டு ஆளுக்கு என்ன கிழிப்பது என்று தெரியாமல் ஓசியில் விட்டார். கோயில் கமிட்டி அவனைக் கூட்டத்தில் சேர்ப்பதா என்று விவாதித்து, கமிட்டியில் ஏற்கெனவே இருப்பவர்கள் இதைவிடக் குறைவாகத்தான் இருக்கிறார்கள் என்ற முடிவுக்கு வந்து சேர்த்துக்கொண்டது. அக்கம்பக்கத்துப் பெண்கள் சிலர் பாதிப் புருஷனில் உள்ள சௌகரியங்களைத் தங்கபுஷ்பத்திடம் எடுத்துச் சொன்னார்கள். குறட்டை பாதி, துணி பாதி, கோபம் வந்தால் அதுவும் பாதி. தங்கபுஷ்பம் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். ஆனால் படுக்கையில் கையை நீட்டினால் அது எங்கும் முட்டாமல் மறுபக்கம் போய்ச் சேர்வதை அவள் அவர்களிடம் சொல்லவில்லை.

சண்டை பேச்சித்தாய் பக்கத்திலிருந்து வந்தது. தன்னோடு பிறந்தவனில் தனக்கு மூன்றில் ஒன்று, நேற்று வந்தவளுக்குப் பாதி என்றால் இது எந்த ஊர் நியாயம் என்று தெருவில் நின்று கேட்டாள். தங்கபுஷ்பம், மைனி வேண்டுமானால் மோட்டாரையும் சேர்த்து எடுத்துக்கொள்ளட்டும் என்றாள். இதற்குள் பக்கத்து உப்பளத்துக்காரர் வந்து பம்ப் ஓடவில்லை என்றார், வீட்டில் இருந்த பாதி சரி என்றது, சொன்ன கையோடு இன்னும் கொஞ்சம் வெளுத்தது. தங்கபுஷ்பம் அப்போதுதான் அவனை உற்றுப் பார்த்தாள். இப்படியே ஆளாளுக்குச் சரி சொல்லிக்கொண்டு போனால் கடைசியில் ஊருக்கெல்லாம் ஒரு சிட்டிகை புருஷன் இருப்பான், தனக்கு மட்டும் யாரும் இருக்க மாட்டார்கள் என்று அவள் கண்டாள்.

அவள் கணக்குப் பட்டதாரி. சங்குவிளையில் கணக்குப் படித்த பெண்ணுக்குக் கிடைத்த வேலை, உப்பு ஏற்றிய லாரியின் எடையிலிருந்து காலி லாரியின் எடையைக் கழிப்பது. பதினொரு வருடமாக ஒரு நாளைக்கு எண்பது தடவை அவள் அதைச் செய்துவந்தாள். இத்தனை லாரிகளை நிறுத்தவள் தன் புருஷனை ஒருநாளும் நிறுத்துப் பார்த்ததில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. மூட்டை நிறுக்கும் தராசில் வீட்டு ஆளை ஏற்றி நிறுத்தினாள். தராசு ஒன்றும் காட்டவில்லை. பேச்சித்தாயின் காலில் விழாத குறையாகக் கேட்டு அங்கிருந்தவனையும் ஏற்றினாள். அதுவும் ஒன்றும் காட்டவில்லை. அவளுக்கு விஷயம் புரிந்தது. இவர்கள் வெறும் பின்னங்கள். பாதி என்று இருக்கிறார்களே தவிர, எதில் பாதி என்பது அவர்களுக்கே தெரியாது.

மிச்சம் இருக்கிற இடத்தைப் பீட்டரே வந்து சொன்னான். ஒரு வாரமாகத் தன் கொட்டகையை விட்டு நகராமல் ஒருத்தன் ஆடிக்கொண்டிருக்கிறான், ஆள் ஊதினால் பறக்கிற மாதிரி இருக்கிறான், ஆனால் ஸ்ட்ரைக்கரைத் தட்டினால் காய் குழிக்குள் போய் விழுகிற சத்தம் தெருமுனைவரை கேட்கிறது என்றான். தங்கபுஷ்பம் தராசை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனாள். கொட்டகை வாசலில் இறங்கியபோது உள்ளே யாரோ சிரிப்பது கேட்டது. வயிற்றிலிருந்து வருகிற, வாயைப் பொத்திக்கொள்ளாத சிரிப்பு. இது யார், நல்ல ஆளாக இருப்பான் போலிருக்கிறதே என்று நினைத்துக்கொண்டே எட்டிப்பார்த்தால், அது அவள் புருஷன்.

தராசில் ஏறி நிற்கச் சொன்னாள். அவன் போர்டிலிருந்து கண்ணை எடுக்காமல், "முடியாது" என்றான்.

கல்யாணமான பதினொரு வருடத்தில் அந்த வாயிலிருந்து அவள் கேட்டிராத சொல் அது. அவளுக்குக் கோபம் வரவில்லை, காது சூடானது. வீட்டுக்கு வரச் சொன்னாள், அதற்கும் முடியாது என்றான். எதிரே ஆடிக்கொண்டிருந்தவன் ஒரு தட்டைத் திருப்பி அடித்துக்கொள்ளட்டுமா என்று கேட்டதற்கும் முடியாது என்றான். பிறகு, அவன் எழுந்து தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில் பீட்டர் அந்த ஸ்டூலைத் தூக்கித் தராசின்மேல் வைத்தான், திரும்பி வந்தவன் கவனிக்காமல் அதில் உட்கார்ந்தான். பதினைந்து காட்டியது. ஸ்டூல் மூன்று. கழிப்பது அவள் தொழில். பன்னிரண்டு கிலோ.

கூண்டுக்குத் திரும்பி, எடைமேடைச் சீட்டு ஒன்றைத் திருப்பிப் போட்டு எழுதினாள். அவுகளில் பாதி, அவுகளில் மூன்றில் ஒன்று, அதோடு பன்னிரண்டு கிலோ. மூன்றையும் சேர்த்தால் அவுக. பின்னங்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தால் விடிந்துவிடும், முதலில் கீழே இருக்கிற இரண்டையும் மூன்றையும் ஒழிக்க வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும். இரண்டும் மூன்றும் சேர்ந்து வகுபடுகிற ஆகச் சின்ன எண் ஆறு. எல்லாவற்றையும் ஆறால் பெருக்கு. பாதியை ஆறால் பெருக்கினால் மூன்று முழு ஆள். மூன்றில் ஒன்றை ஆறால் பெருக்கினால் இரண்டு முழு ஆள். அந்தப் பக்கம் அவுக என்பது ஆறு அவுக. அந்த நேரத்தில் குஜராத் லாரி ஒன்று ஹாரன் அடித்தது, அவள் அவசரமாகச் சீட்டில் எடைமேடை முத்திரையைக் குத்திவிட்டு எழுந்தாள். அந்த முத்திரை இருந்தால் மூன்று மாநிலச் சோதனைச் சாவடிகளில் மறுபேச்சு கிடையாது. உலகமும் அதை நம்பியது.

வீட்டுக்குப் போனால் முற்றத்தில் மூன்று தவசிக்கனிகள், காலண்டரை மறைக்கிற அளவுக்கு நல்ல கெட்டி நிறத்தோடு நின்றார்கள். பேச்சித்தாய் வீட்டில் இரண்டு பேர். ஆனால் மத்தியானம் மேற்கேயிருந்து கச்சான் காற்று கிளம்பியதும் மூன்றில் ஒருவன் சொல்லாமல் கொள்ளாமல் மேலே எழும்பிப் பூவரச மரத்தில் போய்ச் சிக்கினான். தங்கபுஷ்பம் தராசை எடுத்து வைத்தாள். ஆள் பன்னிரண்டு கிலோ. அடுத்தவனும் பன்னிரண்டு. எல்லாரும் பன்னிரண்டு. தெருவில் உள்ளவர்கள் மாங்காய் பறிக்கும் தொரட்டியைக் கொண்டுவந்து மரத்தில் இருந்தவனை இறக்கி, ஆளுக்கு ஒரு உப்பு மூட்டையை இடுப்பில் கட்டிவிட்டார்கள். பேச்சித்தாய் தன் இரண்டு தம்பிகளையும் கிணற்றடித் தூணில் கட்டிப்போட்டுவிட்டு வந்து, படித்தவள் பண்ணுகிற கணக்கு இதுதானா என்று கேட்டாள்.

தங்கபுஷ்பம் சீட்டை எடுத்துப் பார்த்தாள். எல்லாவற்றையும் ஆறால் பெருக்கியவள் பன்னிரண்டைப் பெருக்காமல் விட்டிருந்தாள். பின்னம் இல்லாத எண்ணைப் பார்த்தால் அதற்கு ஒன்றும் செய்ய வேண்டாம் என்று தோன்றிவிடுகிறது. அது பாட்டுக்கு ஒரு மூலையில் கேரம் ஆடிக்கொண்டிருக்கட்டும் என்று விட்டுவிடுகிறோம். அவள் பழைய சீட்டைக் கிழித்துப்போட்டுப் புதிய சீட்டில் பன்னிரண்டையும் ஆறால் பெருக்கி, எழுபத்திரண்டு என்று எழுதி, இரண்டு தடவை சரிபார்த்து, முத்திரை குத்தினாள். தூரத்தில் கேரம் கொட்டகையில் ஒரு ஸ்டூல் முறிகிற சத்தம் கேட்டது.

இப்போது ஆளுக்கு எழுபத்திரண்டு கிலோ. வீட்டில் மூன்று பேர், அக்காவிடம் இரண்டு பேர், கொட்டகையில் ஒருவன். ரேஷன் கடை மிஷினில் அவள் அட்டையைப் போட்டபோது குடும்பத் தலைவர் தவசிக்கனி என்று ஆறு தடவை வந்தது. அடுத்த சில நாட்கள் சங்குவிளைக்கு நல்ல காலம். எல்லா அளங்களிலும் பம்ப் ஓடியது. கோயில் தேரின் முன்சக்கரத்துக்கு ஒருவன், பின்சக்கரத்துக்கு ஒருவன் என்று இரவல் வாங்கிப் போனார்கள். பேச்சித்தாய் ஒருவனை மாவாட்ட வைத்துவிட்டு இன்னொருவனைப் பக்கத்தில் உட்கார்த்தித் தன் குறைகளைச் சொன்னாள், அவனும் சரிக்கா சரிக்கா என்று கேட்டான், அவள் முகத்தில் ஒரு சுற்றுச் சதை போட்டது. தங்கபுஷ்பத்தின் வீட்டில் ஒருவன் மோட்டாரை மாட்டினான், ஒருவன் பாத்திரம் தேய்த்தான், மூன்றாமவன் அவள் என்ன சொன்னாலும் சரி என்று சொல்வதற்காகவே இருந்தான். அவள் வேண்டுமென்றே சூரியன் மேற்கே உதிக்கிறது என்று சொல்லிப் பார்த்தாள். மூன்று பேரும் சரி என்றார்கள். அவள் அன்று சாப்பிடாமல் எழுந்துபோனாள்.

குணசீலன் வந்தார். ஒரே ஆளுக்கு ஒரே அட்டையில் ஆறு பதிவு இருக்க முடியாது, ஐந்தை அடிக்க வேண்டும், ஆனால் பெயரை மட்டும் அடித்துவிட்டு ஆளை விட்டுவைத்தால் அது பெயரில்லாத ஆளாகிவிடும், அதற்கு வேறு படிவம் என்றார். தங்கபுஷ்பம் சொன்னாள், இந்தப் பக்கம் ஓர் ஆளை எடுத்தால் அந்தப் பக்கம் ஒரு பெயரை எடுக்க வேண்டும், இரண்டும் ஒரே நேரத்தில் நடந்தால் கணக்கு கெடாது. மனிதர் தன் பணிக்காலத்தில் முதல்முறையாகப் பொதுமக்களில் ஒருவர் சொன்னது தனக்குப் புரிந்ததாகச் சொல்லிச் சிவப்புப் பேனாவைத் திறந்தார்.

இந்த இடத்தில் அவள் ஒரு நாள் முழுக்கக் கூண்டில் சும்மா உட்கார்ந்திருந்தாள். ஏனென்றால் அவளுக்குக் கணக்கின் முடிவு தெரியும். இரண்டு பக்கமும் ஐந்தைக் கழித்தால், அந்தப் பக்கம் ஒரு தவசிக்கனி நிற்பான், இந்தப் பக்கம் எழுபத்திரண்டு கிலோ நிற்கும், அந்த எழுபத்திரண்டு கிலோ கேரம் கொட்டகையில் இருக்கிறது. வீட்டில் இருக்கிற மூவரில் ஒருவனும் மிஞ்ச மாட்டான். சொன்னதைச் செய்கிற மூன்று புருஷர்களைக் கொடுத்துவிட்டு, கூப்பிட்டால் வராத ஒருத்தனை வைத்துக்கொள்வதுதான் இந்தக் கணக்கு. பேச்சித்தாயிடம் இதை மறைக்கலாம் என்று முதலில் நினைத்தாள். பிறகு அவளே போய்ச் சொன்னாள்.

பேச்சித்தாய் திண்ணையில் உட்கார்ந்தாள். பிறகு, "அவன் சின்னதுலேர்ந்து எங்கிட்ட ஒரு வார்த்தை எதுத்துப் பேசினதில்ல, புஷ்பம்" என்றாள். "பாசம்னு நெனச்சேன்."

"நானும் அப்படித்தான் நெனச்சேன்" என்றாள் தங்கபுஷ்பம்.

மறுநாள் காலை பத்து மணிக்கு, லாரிகளை ஓரங்கட்டச் சொல்லிவிட்டு, ஐந்து பேரையும் எடைமேடைக்கு அழைத்துவந்தார்கள். ஒவ்வொருவனாக மேடையில் ஏறினான். தங்கபுஷ்பம் போய்வாருங்கள் என்றாள், அவன் சரி என்றான், குணசீலன் ஒரு பெயரை அடித்தார். அவன் மறுபக்கம் இறங்கி உப்புப் பாத்திகளுக்கு நடுவே வரப்பில் நடந்தான், மூன்றாவது வரப்பைத் தாண்டுவதற்குள் உப்பின் வெளிச்சத்தில் எது உப்பு எது ஆள் என்று தெரியாமல் போனான். அக்கா வீட்டு இருவர் முதலில் போனார்கள். பேச்சித்தாய் இரண்டாமவன் கையில் ஒரு முறுக்குப் பொட்டலத்தைக் கொடுத்தாள், அதற்கும் சரிக்கா என்றுவிட்டுப் போனான். பிறகு வீட்டு ஆட்கள் இரண்டு பேர்.

கடைசி ஆள் ஏறியபோது தங்கபுஷ்பத்தால் போய்வாருங்கள் என்று சொல்ல முடியவில்லை. பதினொரு வருடம் தன்னோடு இருந்தது இவன்தான் என்று அவளுக்குப் பட்டது. கூண்டிலிருந்து இறங்கி அவன் பக்கத்தில் போய், குணசீலனுக்குக் கேட்காத குரலில், "போகாம இருந்தா என்னன்னு ஒங்களுக்குத் தோணுதா?" என்று கேட்டாள்.

"சரி" என்றான் அவன்.

அது அவள் கேட்ட கேள்விக்குப் பதில் இல்லை. அவள் திரும்பிக் கூண்டில் ஏறிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு பொத்தானை அழுத்தினாள். குணசீலன் ஐந்தாவது பெயரை அடித்தார், அவனும் மறுபக்கம் இறங்கிப் போனான், எடைமேடை பூஜ்யத்தைக் காட்டியது.

கேரம் கொட்டகைக்கு அவள் தனியாகத்தான் போனாள். ஒடிந்த ஸ்டூலுக்குப் பதிலாக இரும்பு நாற்காலி போட்டிருந்தார்கள். அதில் அவள் புருஷன் முழுசாக, தொப்பையும் தோளுமாக உட்கார்ந்திருந்தான். ஆட்டம் முடியும்வரை காத்திருந்தாள். பிறகு, வீட்டுக்கு வருகிறாரா என்று கேட்டாள்.

அவன் காய்களைப் போர்டின் நடுவில் அடுக்கினான். கையில் ஒட்டியிருந்த கேரம் மாவைத் தட்டினான், ஸ்ட்ரைக்கரை எடுத்து வேட்டியில் துடைத்தான், அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். பீட்டர் தேநீர் ஆற்றுவதை நிறுத்தினான். இந்த மனிதன் என்ன சொல்லப்போகிறான் என்று தங்கபுஷ்பம் பயந்தது வாழ்க்கையில் அதுதான் முதல்தடவை.

"வர்றேன்" என்றான் கடைசியில். "இன்னைக்கு இல்ல. நாளைக்குச் சாயங்காலம் வர்றேன்."

மறுநாள் அவள் எடைமேடையிலிருந்து மூன்று மணிக்கே வந்துவிட்டாள். வாசலைப் பெருக்கினாள், பெருக்கிய வாசலை மறுபடி பெருக்கினாள், யார் வருகிறார்கள் என்று கேட்டவர்களிடம் யாரும் இல்லை என்றாள். ஆறு மணிக்கு வெளிக்கதவு திறக்கிற சத்தம் கேட்டதும் கண்ணாடியில் ஒருதரம் பார்த்துக்கொண்டுதான் கதவைத் திறந்தாள்.

அவன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, கூடத்தின் நடுவில் நின்று நாலு சுவரையும் சுற்றிப் பார்த்தான். இந்தப் பச்சைப் பெயின்ட் தனக்கு அடித்த நாளிலிருந்தே பிடிக்கவில்லை, குமட்டுகிறது என்றான். தங்கபுஷ்பம் தனக்கு மட்டும் பிடித்ததா என்றாள். பிறகு ஏன் அடித்தாய் என்றான். கடைக்காரன் அந்த டப்பாவைத் தூக்கிக் காட்டியபோது சரி என்று சொன்னது யார் என்றாள். அவன் தான் சொன்னதை அவள் ஏன் கேட்டாள் என்றான். இருவர் குரலும் ஏறியது. அந்த வீட்டிலிருந்து இதுவரை சண்டைச் சத்தம் கேட்டதில்லையாதலால் தெருவே கூடிவிட்டது. பேச்சித்தாயும் வந்து மதில் ஓரமாக நின்றாள். போய் விலக்கிவிடலாமா என்று யாரோ கேட்டதற்கு, வேண்டாம், நடக்கட்டும் என்றாள். சண்டை பச்சைப் பெயின்டிலிருந்து மோட்டாருக்குப் போய், மோட்டாரிலிருந்து கல்யாணத்துக்கு வந்த சித்தப்பாவுக்குப் போய், அடுப்பில் சோறு அடிப்பிடிக்கும்வரை நடந்தது.

மறுநாள் தங்கபுஷ்பத்துக்குத் தொண்டை கட்டிவிட்டது. சீட்டு வாங்க வந்த லாரிக்காரர்கள் என்ன ஆயிற்று என்று கேட்டபோது, ஜலதோஷம் என்று சைகையில் சொல்லிவிட்டுச் சிரிப்பை அடக்க முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.